ஹட்டிக்கு விருந்தாளி வர வேண்டுமா? நீலகிரி ஊர்க் குழுக்களுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

சீசன் நாளில் கோத்தகிரி சாலையோரம் நின்றால் தெரியும். வெளியூர் வண்டிகள் வரிசையாகக் கோடநாடு காட்சிமுனைக்குப் போகின்றன, வரிசையாகத் திரும்புகின்றன. நடுவில் இருக்கிற ஹட்டிகளுக்கு, அதாவது படுகர் ஊர்களுக்கு, அதில் மிஞ்சுவது ஹாரன் சத்தமும் காலி சிப்ஸ் பாக்கெட்டும்தான். பச்சைத் தேயிலை விலை படுத்துக் கிடக்கிற வருடங்களில், நம்ம ஊர் ஆட்டத்தையும் பாட்டையும் சாப்பாட்டையும் காட்டினால் நாலு காசு வருமே என்று இளைஞர் மன்றமோ மகளிர் குழுவோ யோசிக்கத்தான் செய்யும். அப்படி யோசிக்கத் தொடங்கி, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல ஊர்கள் எடுத்த எடுப்பில் திருவிழாவில் கை வைக்கின்றன. ‘எங்கள் ஹப்பாவுக்கு வாருங்கள்’ என்று போஸ்டர் போட்டுவிடுகிறார்கள். திருவிழா அன்று ஊருக்குத் தலைக்கு மேல் வேலை. திருப்பூர், கோவை, பெங்களூரு என்று போன பிள்ளைகள் எல்லாம் வந்திருப்பார்கள். வெளியாளைக் கவனிக்க யாருக்கும் கை ஒழியாது, அன்னதானப் பந்தியில் உட்கார்ந்தவரிடம் காசு கேட்கவும் மனசு வராது. திருவிழாவால் ஊரின் பெயர் வெளியே போகும், அது நல்லதுதான். ஆனால் வருமானம் என்பது திருவிழா இல்லாத ஒரு சனிக்கிழமையில், ஒரு மதியச் சாப்பாட்டிலும் ஒரு மணி நேர வாத்தியத்திலும்தான் இருக்கிறது. கீழே சொல்வது எல்லாம் அந்தச் சனிக்கிழமையை உருவாக்குவது பற்றி.

யாருடைய கலை, அதைக் கேளுங்கள்

நீலகிரியில் ஒரு ஊரின் கலை பக்கத்து ஊரின் கலை கிடையாது. தோடர்களின் ஊரான மந்து, கோத்தர்களின் ஊரான கோக்கால், படுகர்களின் ஹட்டி, குறும்பர், இருளர் குடியிருப்புகள், கூடலூர் பக்கம் பணியர், காட்டுநாயக்கர் என்று ஒவ்வொன்றுக்கும் தனி வாத்தியம், தனி உடை, தனித் தெய்வம். ஒரு காலத்தில் இவர்கள் ஒருவரை ஒருவர் சார்ந்து வாழ்ந்தார்கள். தோடர்களிடமிருந்து நெய், படுகர்களிடமிருந்து தானியம், கோத்தர்களிடமிருந்து இரும்புக் கருவியும் மண்பானையும் வாத்தியமும், குறும்பர்களிடமிருந்து தேனும் காட்டுப் பொருளும் என்று போய்வந்தன. அந்த உறவு தளர்ந்து பல தலைமுறை ஆகிவிட்டது. அதனால் இன்றைக்கு ஒரு ஹட்டியின் இளைஞர் மன்றம் வரவேற்பு நிகழ்ச்சிக்குத் தோடர் சால்வையைப் போர்த்திக்கொண்டு ஆடினால், வெளியூர்க்காரருக்கு வேண்டுமானால் வித்தியாசம் தெரியாது. மந்துக்காரர்களுக்குத் தெரியும். மறுநாளே தெரியும்.

ஆகவே முதல் வேலை, ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஊரின் மூத்தவர்களிடம் உட்காருவது. எந்தப் பாட்டு எப்போது பாடுவார்கள், யார் பாடலாம், எந்த வாத்தியத்தை யார் தொடலாம், எந்த ஆட்டம் சந்தோஷத்துக்கு, எது சடங்குக்கு என்று எழுதுங்கள். கோத்தர்களிடம் இந்தப் பிரிவு கறாராகவே உண்டு. கொள் என்ற ஊதுகருவியில் வாசிக்கிற மெட்டுகளில் தெய்வத்துக்கானவை, ஆட்டத்துக்கானவை, சாவுக்கானவை என்று தனித்தனி வகை இருக்கின்றன. வெளியாள் முன்னால் வாசிப்பது என்றால் ஆட்ட மெட்டுகளோடு நிறுத்திக்கொள்வதுதான் நியாயம். இதைத் தீர்மானிக்க வேண்டியது வாசிக்கிறவர்கள். குழுவின் செயலாளருக்கு அதில் வேலை இல்லை.

உங்கள் ஊரில் கலை இல்லை, பக்கத்துக் குடியிருப்பில்தான் இருக்கிறது என்றால் அவர்களோடு கூட்டாகச் செய்யுங்கள், கூலிக்குக் கூப்பிடாதீர்கள். கூட்டு என்றால் விலை வைப்பதிலும் தேதி குறிப்பதிலும் அவர்கள் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

கூடவே எம்.பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்தையும் அதன் அருங்காட்சியகத்தையும் ஒருமுறை குழுவாகப் போய்ப் பாருங்கள். வருகிறவர் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல அது உதவும். கண்ணேரிமுக்கில் ஆங்கிலேயர் காலத்துக் கலெக்டர் சல்லிவன் கட்டிய பங்களா இப்போது நீலகிரி ஆவணக் காப்பகமாக இருக்கிறது, அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

எதைக் காட்டக் கூடாது

இந்தப் பகுதிதான் முக்கியம், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

தோடர்களின் மொற்பர்த் விழா பெரும்பாலும் டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தநாடு மந்தில் நடக்கும். ஆண்கள் வட்டமாக ஆடுவதும், இளைஞர்கள் இளவட்டக்கல் தூக்குவதும் ஒவ்வொரு வருடமும் செய்தித்தாள்களில் வருகின்றன. அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு நேராகக் கோயில் வாசல் வரை போகலாம் என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. தோடர் கோயிலுக்குள் தோடர் பெண்களே போவதில்லை, வெளியாளுக்கு இடம் எங்கே? கோத்தர்களின் கம்பட்டராயர் திருவிழாவிலும் வெளியார் வரலாம் என்கிற நாள் வேறு, வரக் கூடாத நாள் வேறு. படுகர்களின் ஹெத்தையம்மன் திருவிழாவுக்கு மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள், அது நடக்கிற பேரகணி கிராமத்துக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் வருகிறது. வெள்ளை உடுத்தி, செருப்பில்லாமல் விரதத்தோடு நடந்து வருகிறவர்களின் முகத்துக்கு நேராக கேமராவை நீட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

அதனால் உங்கள் ஊருக்கு ஒரு எல்லைக்கோடு போடுங்கள். கோடு என்று சொல்வது நிஜமான கோடுதான். கோயில் வளாகம் எங்கே தொடங்குகிறது, செருப்பை எங்கே விட வேண்டும், எந்தப் பாதையில் பெண்கள் போக மாட்டார்கள், சுடுகாட்டுப் பக்கம் எது, எருமைப் பட்டியில் யார் நுழையலாம் என்று ஊர் வரைபடம் ஒன்றைச் சாதாரண வெள்ளைத்தாளில் வரையுங்கள். விருந்தாளி நிற்க வேண்டிய இடம் எது, படம் எடுக்கக் கூடிய இடம் எது என்று அதில் குறித்துவிட்டால், அன்றைக்கு ஆளாளுக்குத் தகராறு செய்ய வேண்டி வராது. ஒரு பெரியவர் சரி என்றும் இன்னொருவர் கூடாது என்றும் சொல்வதைத்தான் வெளியாள் தனக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொள்வான்.

படம் எடுப்பதற்கும் ஒரே விதி வையுங்கள்: கேட்டுவிட்டு எடு. குழந்தைகளை எடுக்கக் கூடாது. டிரோன் வேண்டவே வேண்டாம். மாடு மிரளும், ஊருக்குக் கோபம் வரும், காட்டை ஒட்டிய இடமாக இருந்தால் வனத்துறை வழக்கும் வரும்.

ஊட்டி தாவரவியல் பூங்காவுக்கு மேலே இருக்கிற மந்துக்குப் போய்ப் பாருங்கள். பூங்காவுக்கு வருகிறவர்கள் அப்படியே ஏறி, யாரோ ஒருவர் வீட்டு முற்றத்தில் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். அங்கே குடியிருப்பவர்களுக்கு அது தினசரித் தலைவலி. உங்கள் ஊர் அப்படி ஆகிவிடக் கூடாது என்றால், யார் எப்போது வரலாம் என்கிற சாவி ஊரின் கையில் இருக்க வேண்டும். முன்பதிவு இல்லாமல் யாருக்கும் எதுவும் காட்டுவதில்லை என்று முதல் நாளிலிருந்தே பழக்குங்கள்.

நாட்காட்டி

ஏப்ரல், மே முதல் சீசன். செப்டம்பர், அக்டோபர் செகண்ட் சீசன். ஊட்டி மலர்க் கண்காட்சி, குன்னூர் பழக் கண்காட்சி, கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி, கூடலூரில் வாசனைத் திரவியக் கண்காட்சி எல்லாம் கோடை விழாவை ஒட்டி வரும். நம் ஊர்த் திருவிழாக்களோ உறைபனிக் காலத்தில், மார்கழி தையில். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒட்டாது. திருவிழாவை மே மாதத்துக்கு மாற்றிவைக்கலாமா என்று கேட்கிற புத்திசாலி எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார், அவரை அன்போடு உட்கார வையுங்கள்.

மே மாத நெரிசலில் தொடங்குவதை நான் விரும்ப மாட்டேன். அந்தச் சமயத்தில் வருகிறவர் பத்து இடத்தைப் பட்டியல் போட்டுக்கொண்டு பறப்பார். சாலையும் ஒருவழியாக மாறும், ஒன்பதரைக்கு வருகிறேன் என்றவர் பன்னிரண்டரைக்கு வருவார். பிப்ரவரி, மார்ச் நல்ல மாதங்கள். பனி குறைந்திருக்கும், வானம் தெளிவாக இருக்கும், சாலை காலி. செப்டம்பரும் பரவாயில்லை. அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழை, மண்சரிவு பயம் உண்டு. கூடலூர், பந்தலூர்ப் பக்கத்து ஊர் என்றால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தலை தூக்க முடியாத மழை, அப்போது எதையும் வைக்காதீர்கள்.

ஊருக்குள் கொழுந்து அதிகம் வருகிற வாரங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் ஆள் பற்றாக்குறையாக இருக்கும்போது வாத்தியக்காரரைக் கூப்பிட்டால் அவர் வர மாட்டார், வந்தாலும் வீட்டில் திட்டு விழும்.

ஊர்க்கூட்டமும் காகிதங்களும்

ஹட்டியில் ஊர்த் தலைவரும் பெரியவர்களும் உட்கார்ந்த கூட்டத்தில் பேசுங்கள். அதன் பிறகு கிராம சபையிலும் ஒரு தீர்மானம் போட்டுவிடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்கள் தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. ‘ஊரில் நாட்டுப்புறக் கலை நிகழ்ச்சி நடத்த இன்ன குழுவுக்கு ஊர் சம்மதிக்கிறது’ என்ற ஒரு வரித் தீர்மானம் பின்னால் பல இடத்தில் உதவும். பழங்குடிக் குடியிருப்பாக இருந்து, இடம் காட்டை ஒட்டியிருந்தால், 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கிராம சபைக்குத் தருகிற அதிகாரத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

காகிதம் என்றால் பயப்படுகிறவர்களுக்கு: தொடக்கத்துக்கு அதிகம் தேவையில்லை. சாப்பாடு போட்டுக் காசு வாங்கினால் உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறு வணிகருக்கான பதிவு எடுக்க வேண்டும். வருடத்துக்கு 100 ரூபாய் கட்டணம்தான். நிகழ்ச்சித் தேதியை ஊராட்சிக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் சொல்லி, வாங்கிக்கொண்டதற்கு ஒப்புதல் கையெழுத்து பெறுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. உண்மையில் பகலிலும் வேண்டாம் என்பேன். தம்பட்டைக்கு மைக் எதற்கு?

காட்டுக்குள் அழைத்துப் போவது வேறு கதை. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் பலியான பிறகு மலையேற்றத்துக்குக் கட்டுப்பாடு இறுகிவிட்டது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று அரசே பாதைகளை அறிவித்து, முன்பதிவோடு நடத்துகிறது. உங்கள் ஊர்ப் பையன்கள் வழிகாட்டியாக வேண்டுமானால் அந்த வழியில் போங்கள். பழைய பாறை ஓவியம் இருக்கிற இடங்களுக்குத் தனியாக ஆளைக் கூட்டிப் போவதை அறவே தவிருங்கள். ஓவியத்தின் மேல் பெயர் எழுதுகிற ஒரு ஆள் போதும், பல நூற்றாண்டு போய்விடும்.

தங்க வைப்பதை முதல் வருடம் தொடவே வேண்டாம். வீட்டில் அறை கொடுப்பதற்குச் சுற்றுலாத் துறைப் பதிவு, மலைப்பகுதிக் கட்டட விதிகள், யானை வழித்தடம் என்று அடுக்கடுக்காக இருக்கிறது. சீகூர் பக்கம் விடுதிகள் மூடப்பட்டதும், 2020-இல் யானை வழித்தடத்துக்கு ஆதரவாக உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பகல் விருந்தாளி காலையில் வந்து மாலையில் போய்விடுவார். அதுவே போதும்.

நிகழ்ச்சியை எப்படி அமைப்பது

மேடை போடாதீர்கள். பிளாஸ்டிக் நாற்காலி, பின்னால் பேனர், குத்துவிளக்கு, பொன்னாடை, பேச்சாளர் நான்கு பேர், கடைசியில் ஐந்து நிமிட ஆட்டம். இதைத்தான் எல்லா அரசு விழாவிலும் நம் ஆட்கள் செய்துவிட்டு வருகிறார்கள். அதைப் பார்க்க ஒருவர் ஹட்டி வரை வளைந்து வளைந்து ஏறி வர வேண்டியதில்லை.

அவர் வந்தது அருகில் உட்கார்ந்து பார்க்க. ஒரு எடுத்துக்காட்டு சொல்கிறேன். மலைக்காற்றில் பறையின் தோல் ஈரம் ஏறித் தொய்ந்து கிடக்கும், தட்டினால் தப்தப் என்று செத்த சத்தம்தான் வரும். அதனால் வாசிப்பதற்கு முன் சருகையும் சுள்ளியையும் கூட்டித் தீ மூட்டி, தோலை அனலுக்குக் காட்டித் திருப்பித் திருப்பிப் பிடிப்பார்கள். நடுவில் ஒரு தட்டு, காதை வைத்து ஒரு கவனிப்பு, மறுபடி அனல். கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் ஏறி, ஒரு கட்டத்தில் கணீரென்று தெறிக்கும். சுற்றி நிற்கிறவர்கள் அந்த நொடியில் தங்களை அறியாமல் ஒரு அடி பின்னால் போவார்கள். பல குழுக்கள் இந்த வேலையை வீட்டுக்குப் பின்னால் முடித்துவிட்டு, ‘ரெடி’ ஆன பறையோடு வருகிறார்கள். தயவுசெய்து அதை முற்றத்தில் செய்யுங்கள். அந்தக் கால் மணி நேரம் நிகழ்ச்சியின் பாதி.

அப்புறம் ஒரு மூத்தவர் இரண்டு மூன்று வரியில் சொல்லட்டும்: இது என்ன வாத்தியம், எந்த மரம், எந்தத் தோல், இந்த மெட்டை எப்போது வாசிப்போம். மனப்பாடம் செய்த வரலாற்று உரை வேண்டாம். அவர் தன் மொழியில் சொல்லி, பேத்தியோ பேரனோ தமிழில் சொன்னால் அதுவே கேட்க நன்றாக இருக்கும். பிறகு இரண்டு மூன்று பாட்டு, ஆட்டம். படுகர் ஆட்டம் என்றால் கடைசி வட்டத்தில் விருந்தாளிகளையும் சேர்த்துக்கொள்ளலாம். அந்த அடி பார்க்க எளிது, ஆடினால் தெரியும். கால் தடுமாறிச் சிரித்தவர்கள் கண்டிப்பாக நண்பர்களிடம் சொல்வார்கள்.

மொத்தம் ஒரு மணி நேரம் போதும். அதற்கு மேல் நீட்டினால் வாசிக்கிறவருக்கும் களைப்பு, பார்க்கிறவரும் செல்போனை எடுத்துவிடுவார். ஒரு தடவைக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து பேர் என்பது நல்ல அளவு. ஒரு டெம்போ டிராவலரில் வருகிற கூட்டம் அது. பேருந்து கொள்ளும் கூட்டம் வேண்டும் என்று டிராவல்ஸ்காரர் கேட்பார், கொடுக்காதீர்கள்.

உடை விஷயத்தில் ஒரு சொல். வாசிப்பவர்கள் தங்கள் ஊர் வழக்கப்படி உடுத்தட்டும். இலை தழை கட்டி, முகத்தில் வண்ணம் பூசி ‘ஆதிவாசி’ வேடம் போடச் சொல்கிற ஏற்பாட்டாளர் யாராவது வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

சாப்பாடு

ஹட்டி வீட்டில் வழக்கமாகச் செய்வதைச் செய்யுங்கள். ராகிக் களி, அவரைக் குழம்பு, கீரை, தோட்டத்து உருளைக்கிழங்கு. சப்பாத்தி குருமா அவர்களுக்கு ஊட்டியிலேயே கிடைக்கும். காரத்தை மட்டும் கொஞ்சம் குறையுங்கள், குழந்தைகள் வருவார்கள்.

நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது, சிறிய தண்ணீர் பாட்டிலும் அதில் அடக்கம். ஆகவே எவர்சில்வர் தம்ளரும் காய்ச்சி ஆறிய தண்ணீரும் தயாராக இருக்கட்டும். கழிப்பறை சுத்தமாக இருக்க வேண்டும், தண்ணீர் வர வேண்டும், கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்க வேண்டும். நிகழ்ச்சி எவ்வளவு நன்றாக இருந்தாலும் இது சரியில்லை என்றால் பெண்கள் மறுபடி வர மாட்டார்கள், வரவும் விட மாட்டார்கள்.

கைவேலையை விற்பது

நிகழ்ச்சி முடிந்த கையோடு ஒரு மேசை போட்டுச் சாமான்களை அடுக்குவதுதான் வழக்கம். அதைவிட, செய்கிறவரை அங்கே உட்கார வைத்து வேலை செய்யச் சொல்லுங்கள்.

தோடர் பூத்தையலைப் பாருங்கள். வெளிர்நிறப் பருத்தித் துணி, சிவப்பும் கறுப்பும் நூல். துணியில் முன்கூட்டி எதையும் வரைவதில்லை. தையல்காரம்மா துணியின் இழைகளை விரலால் எண்ணி எண்ணி ஊசியை ஓட்டுவார். இத்தனை இழை விட்டு ஒரு குத்து, இத்தனை விட்டு இன்னொன்று. பேசிக்கொண்டே செய்வார், ஆனால் எண்ணிக்கை தவறாது. நாம் பின்பக்கம் என்று நினைக்கிற, இழை புடைத்து நிற்கிற பக்கம்தான் அவர்களுக்கு முன்பக்கம். ஒரு பெரிய சால்வைக்கு மாதக்கணக்கில் ஆகும். இதைக் கண்ணால் பார்த்தவர் விலை கேட்டு வாயைப் பிளக்க மாட்டார். இந்தத் தையலுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊட்டிக் கடைகளில் மெஷினில் அடித்த ‘தோடா டிசைன்’ மலிவாகக் கிடைக்கத்தான் செய்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து வித்தியாசத்தைக் காட்டுங்கள், மட்டம் தட்டிப் பேச வேண்டாம். சால்வை எல்லோராலும் வாங்க முடியாது என்பதால் சிறு பை, கைக்குட்டை, புத்தக அடையாளத் துண்டு என்று சில நூறு ரூபாய்க்கும் பொருள் இருக்கட்டும்.

குறும்பர் ஓவியமும் இப்படித்தான். மண், வேங்கைப் பிசின், இலைச் சாறு இவற்றிலிருந்து வண்ணம் எடுத்து, பாறையில் தேன் எடுப்பதையும் ஊர்கூடி ஆடுவதையும் தீட்டுகிறார்கள். முன்பு சுவரில் தீட்டியது இப்போது தாளுக்கு வந்திருக்கிறது. வண்ணம் எடுப்பதை விருந்தாளியின் கையாலேயே செய்யவிட்டு, ஒரு சிறு தாளில் தீட்டவிட்டால் அரை நாள் பயிற்சி வகுப்பாகவே நடத்தலாம். அதற்குத் தனிக் கட்டணம். பேரம் பேசுகிற இடத்தில் செய்தவரை நிறுத்தாதீர்கள். விலைச் சீட்டு ஒட்டி, குழுவில் ஒருவர் காசு வாங்கட்டும். கோத்தகிரியில் இயங்கும் கீஸ்டோன் அறக்கட்டளையைச் சுற்றி, காட்டுத் தேனையும் கைவினைப் பொருட்களையும் நியாய விலையில் விற்கிற ஏற்பாடுகள் வளர்ந்திருக்கின்றன. விலை நிர்ணயம், சீட்டு, பொதி கட்டுவது எல்லாம் எப்படி என்று அங்கே போய்ப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

பணக் கணக்கு

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆளுக்கு 1,000 ரூபாய் வீதம் 12 பேர், மொத்தம் 12,000. வாத்தியமும் ஆட்டமும் ஆறு பேர், தலைக்கு 700, ஆக 4,200. சாப்பாடு ஓட்டுநர், வழிகாட்டிகள் முதலானவர்களையும் சேர்த்து 16 இலை, இலைக்கு 150, ஆக 2,400. வழிகாட்டி இருவருக்கு 1,200. டீ, விறகு, சில்லறைக்கு 700. சுத்தம் செய்பவருக்கு 500. ஊர்ப் பொதுநிதிக்குப் பத்தில் ஒரு பங்கு, 1,200. இதுவரை 10,200. மிச்சம் 1,800-ஐ வங்கியில் போட்டு வையுங்கள், கடைசி நேரத்தில் யாராவது வரவில்லை என்றாலும் வாத்தியக்காரருக்குப் பேசிய பணம் அதிலிருந்து போகும்.

உங்கள் ஊருக்கு எண்கள் மாறலாம். மாறக் கூடாதது ஒன்று உண்டு: கலைஞருக்குப் பணம் அன்றைக்கே, கையில் அல்லது அவர் கணக்கில். ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்று இரண்டு தடவை சொன்னால் மூன்றாம் தடவை உங்களிடம் பறை இருக்காது. அன்பளிப்பாக விருந்தாளி கொடுக்கிற தட்டுக்காசை ஊக்கப்படுத்தாதீர்கள். ஒருவருக்குக் கொடுத்து ஒருவருக்குக் கொடுக்காமல் போனால் ஊருக்குள் வீண் மனக்கசப்பு. கொடுத்தே தீருவேன் என்பவருக்குப் பொதுநிதி உண்டியல் ஒன்று வையுங்கள்.

மகளிர் சுய உதவிக் குழுவின் வங்கிக் கணக்கு ஏற்கெனவே இருந்தால் அதையே பயன்படுத்தலாம், தீர்மான நோட்டில் எழுதிவிட்டு. முன்பதிவுக்குப் பாதிப் பணம் ஜிபேயில் வாங்குங்கள். கலைஞர்களைத் தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினராகச் சேர்க்கிற வேலையையும் இதோடு முடித்துவிடுங்கள். கலை பண்பாட்டுத் துறையினர் வயது, அனுபவத்துக்கான சான்று கேட்பார்கள். நீங்கள் நடத்திய நிகழ்ச்சியின் படமும் தேதியும் அதற்கு உதவும்.

ஆள் எப்படி வரும்

பெரிய விளம்பரம் வேண்டாம். கோத்தகிரி, குன்னூரில் தங்கும் விடுதிகள் நாலைந்துக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள். மழையில்லாத மாதங்களில், தங்கியிருப்பவர்களுக்கு ‘நாளைக்கு என்ன செய்வது’ என்று சொல்ல அவர்களுக்கும் ஏதாவது வேண்டும். கோவை, ஈரோடு கல்லூரிகளில் நாட்டார் வழக்காற்றியல், கட்டடக்கலை படிக்கிற மாணவர்கள் நல்ல விருந்தாளிகள், கேள்வி கேட்பார்கள், குப்பை போட மாட்டார்கள். ஒரு வாட்ஸ்அப் எண், ஒரு கூகுள் மேப் குறி, இரண்டு நல்ல படம். கூகுள் குறியைக் கோயில் மேல் வைக்காதீர்கள், ஊர் நுழைவில் வையுங்கள், இல்லையென்றால் வண்டி நேராகக் கோயில் வாசலில் வந்து நிற்கும்.

அனுப்புகிற செய்தியில் எல்லாவற்றையும் முன்பே சொல்லிவிடுங்கள். நீலகிரிக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும், 2024 மே 7-இலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நடைமுறையில் இருக்கிறது. பிளாஸ்டிக் கொண்டுவரக் கூடாது. குளிருக்கு ஸ்வெட்டர், நடக்க ஷூ. மது அருந்திவிட்டு வந்தால் உள்ளே விட மாட்டோம், பணமும் திரும்ப வராது. இந்தக் கடைசி வரியை வெட்கப்படாமல் எழுதுங்கள்.

கேத்தி பக்கத்து உல்லாடா கிராமம் 2023-இல் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் சிறந்த சுற்றுலா கிராமங்களில் ஒன்றாகத் தேர்வானது. அந்த மாதிரி அங்கீகாரத்துக்கு விண்ணப்பிப்பதெல்லாம் இரண்டு மூன்று வருடம் நடத்திய பிறகு யோசிக்கலாம்.

அன்றைய நாள்

காலை பத்து மணிக்கு வரச் சொல்லுங்கள். பனி விலகி வெயில் ஏறியிருக்கும். ஊர் நுழைவில் ஒருவர் நின்று அழைத்து வரட்டும், வண்டி அங்கேயே நிற்கட்டும். டீ, ஊர் விதிகள், சின்ன நடை, பறை காய்ச்சுதல், நிகழ்ச்சி, சாப்பாடு, கைவேலை, மறுபடி டீ. நான்கு மணிக்கு வண்டி கிளம்பிவிட வேண்டும். காட்டெருமையும் கரடியும் தேயிலைத் தோட்டத்துக்குள் வருகிற நேரம் நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. காட்டெருமையைப் பார்த்தால் பக்கத்தில் போய்ப் படம் எடுக்கத்தான் ஓடுவார்கள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று இரண்டு வழிகாட்டிகள் சொன்னது இதற்காகத்தான். முதலுதவிப் பெட்டியும், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் எண்ணும், 108-க்குப் போன் செய்தால் ஊருக்கு வழி சொல்லத் தெரிந்த ஒரு ஆளும் இருக்க வேண்டும். மலை வளைவில் வந்து வாந்தி எடுப்பவர் எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் உண்டு, அவருக்கு எலுமிச்சையும் உட்கார ஒரு திண்ணையும்.

சாவு விழுந்தால் நிகழ்ச்சி கிடையாது. ஊர் துக்கத்தில் இருக்கும்போது வாசிக்க மாட்டோம் என்று முன்பதிவுச் செய்தியிலேயே ஒரு வரி போட்டு, பணத்தை முழுதாகத் திருப்பிக் கொடுங்கள். இதைச் சொன்னால் பெரும்பாலோர் புரிந்துகொள்கிறார்கள், புரியாதவர் வராமல் இருப்பதே நல்லது.

மூன்று நிகழ்ச்சி முடிந்ததும் ஊர்க்கூட்டத்தில் வரவு செலவை வாய்விட்டு வாசியுங்கள். யாருக்கு எவ்வளவு போனது, பொதுநிதியில் எவ்வளவு சேர்ந்தது, யார் வீட்டுக் கொய்யாவை யார் பறித்தார்கள் என்கிற புகார் வரை எல்லாம் அங்கே வரட்டும். வாசித்தவர்களும் சமைத்த பெண்களும் தனியாக உட்கார்ந்து, மாதத்துக்கு எத்தனை நாள் தங்களால் முடியும் என்று சொல்லட்டும். இரண்டு நாள்தான் என்றால் இரண்டே நாள். அதற்கேற்ப அடுத்த மூன்று மாதத் தேதிகளைக் குறித்து விடுதிகளுக்கு அனுப்பிவிடுங்கள், மற்ற நாள் கேட்டு வருகிற போனுக்கு இல்லை என்று சொல்ல ஒருவரை நியமியுங்கள். கொஞ்சம் கறாரான அக்கா யாராவது இருந்தால் நல்லது.